காரைக்காலுக்கு நாங்களும் போனோம்!



எங்கள் ஊர்ப் பக்கம் ‘காரைக்கால் டூர்’ என்று ஒன்று உண்டு. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்துச் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பாங்கு கணக்கில் பணம் ஏறியதும் ஆண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கிளம்பி விடுவார்கள். காலையில் போனால் ராத்திரி வருவார்கள். சில சமயம் மறுநாள்தான் வருவார்கள். “எங்கே போனீங்க?” என்றால் “காரைக்கால்” என்பார்கள். “என்ன பார்த்தீங்க?” என்று கேட்டால் பதில் வராது.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. சரக்கு நம் பக்கத்தை விட விலை குறைவு, விதவிதமாகவும் கிடைக்கும் என்பார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. 1948-லிருந்து 1971 வரை நம் மாகாணம் முழுக்க மதுவிலக்கு இருந்ததே, அந்தக் காலத்திலேயே எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் உண்டாம். என் மாமனார் சொல்லிச் சிரிப்பார்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை என்றாலும் என் வீட்டுக்காரர் முப்பது தடவைக்கு மேல் அந்த ஊருக்குப் போயிருப்பார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் ஒரு தடவை கூடப் போனதில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற அரசலாறு நேராகப் போய்க் காரைக்காலில்தான் கடலில் விழுகிறது. நான் துணி அலசுகிற தண்ணீர் பார்த்த ஊரை நான் பார்க்கவில்லை!

அவள் கேட்ட கேள்வி

போன வருஷம் எங்கள் தெருவில் ஒரு தம்பி அந்த டூர் போய்விட்டு ராத்திரி மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது லாரியில் மோதி இறந்துவிட்டான். வயது முப்பத்தொன்று. மனைவிக்கு இருபத்தாறு. நாலு வயதில் ஒரு பையன். அவள் எனக்குத் தங்கை முறை.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்துத் துணைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவள் திடீரென்று கேட்டாள்:

“அக்கா, அந்த ஊரு எப்படி இருக்கும்? நீங்க பார்த்திருக்கீங்களா?”

எனக்குப் பகீரென்றது. அவள் புருஷனைக் கொண்டுபோன ஊர் எந்தத் திசை என்று கூட அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. “இல்லம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் ஒன்பதாவது படிக்கும் என் பெண் செல்போனில் ஒரு படம் காட்டினாள். பிரான்ஸ் தேசத்தில் போர்தோ என்ற பகுதி. அட்லாண்டிக் கடலுக்குப் பக்கம். கண்ணுக்கெட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். அங்கே செய்கிற ஒயின் உலகம் முழுக்கப் போகிறதாம். கடற்கரையில் மலை மாதிரி ஒரு மணல்மேடு. செயின்ட் எமிலியன் என்று ஒரு பழைய ஊர், அதை 1999-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று குடும்பம் குடும்பமாக வந்து சுற்றிப் பார்க்கிறார்கள்.

பார்த்துவிட்டு என் பெண் கேட்டாள்: “அம்மா, காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊருதானே? கடலும் இருக்கு, ஆறும் இருக்கு, கோயிலும் இருக்கு. அப்பா மட்டும் ஏன் நம்மள விட்டுட்டுப் போறாங்க?”

அவள் அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். காதில் விழாத மாதிரி எழுந்து வயல் பக்கம் போய்விட்டார்.

அன்று ராத்திரி சோறு போடும்போது நான் சொன்னேன்: “ஏங்க, இந்த வருஷம் காரைக்கால் டூருக்கு நாங்களும் வர்றோம். அந்தத் தங்கச்சியையும் புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போகணும்.” 

“பொம்பளைங்களுக்கு அங்க என்ன வேலை?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மாமியார் உள்ளிருந்து குரல் கொடுத்தார்: “ஆம்பளைக்கு என்ன வேலைன்னு போய்ப் பார்த்துட்டு வர்றோம்ப்பா!”

அத்தை எனக்குப் பரிந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பூம்புகாரில் யவனர் ஜாடி

மாசி மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாடகை வேனில் கிளம்பினோம். நான், அவர், அத்தை, என் பெண், பையன், தங்கச்சி, அவள் மகன் என்று ஏழு பேர். புளிச்சோறு, தயிர்சோறு, வடகம், ஒரு குடம் தண்ணீர். “அவளைப் போய் ஊர் சுற்றக் கூட்டிக்கிட்டுப் போறாங்களே” என்று தெருவில் முணுமுணுத்தார்கள். அவளும் கடைசி நிமிஷம் வரை “நான் வரலக்கா” என்றுதான் சொன்னாள். பையன் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடித்ததால் வந்தாள்.

மயிலாடுதுறை தாண்டி முதலில் பூம்புகார் போனோம். காவிரி கடலில் கலக்கிற இடம். நம் வயலுக்கெல்லாம் பாய்ந்து, கல்லணையிலிருந்து பிரிந்து பிரிந்து, கடைசியில் சின்ன வாய்க்கால் மாதிரி கடலுக்குப் போகிறது. மேட்டூர் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிற நமக்கு அதைப் பார்த்தால் நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கேதான் சோழர் துறைமுகம். யவனர்கள் கப்பலில் வந்து மிளகு, துணி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதிலுக்கு அவர்கள் கொண்டுவந்ததில் ஒன்று திராட்சை மது!

இதை என் பெண் சொன்னபோது நான் நம்பவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் வீலர் என்ற வெள்ளைக்காரர் தோண்டியபோது, இரண்டு பக்கமும் காது வைத்து, அடிப்பக்கம் கூராக இருக்கும் ஜாடித் துண்டுகள் கிடைத்தனவாம். ரோமாபுரிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மது அடைத்து வந்த ஜாடிகள். யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடித்ததை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார் என்று அவள் தமிழ் டீச்சர் சொன்னார்களாம்.

உடனே என் வீட்டுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பார்த்தியா, அந்தக் காலத்துலயே ராஜாவெல்லாம்...” என்று ஆரம்பித்தார்.

“ராஜா குடிச்சாரு, சரி. உனக்கு என்ன ராஜ்ஜியமா இருக்கு? ஒன்பது மா நிலந்தானே!” என்றார் அத்தை. டிரைவர் கூடச் சிரித்துவிட்டார். தங்கச்சி உதட்டிலும் ஒரு சிரிப்பு ஓடியது. அவள் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று!

தரங்கம்பாடிக் காற்று

அங்கிருந்து தெற்கே தரங்கம்பாடி. தோழிகளே, இந்த ஊரைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பாருங்கள். 1792-ல் கட்டிய வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் நாம் இருப்பது தஞ்சை ஜில்லாவா, வெளிநாடா என்று சந்தேகம் வந்துவிடும். அகலமான தெரு, இரண்டு பக்கமும் பழைய மாதாகோயில், பெரிய தூண் வைத்த வீடுகள், தெருக்கோடியில் கடல்.

நம் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கர் 1620-ல் டென்மார்க் தேசத்தாருக்கு இந்த இடத்தைக் கொடுத்தார். டென்மார்க் ராஜாவுக்கு அவர் எழுதிய தங்க ஓலை இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. அவர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை, மஞ்சள் நிறத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம். 1845-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். ஊரை விற்று வாங்குவதா என்று என் பையனுக்கு ஆச்சரியம்.

1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715-ல் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் வைத்தார். நாம் இன்று இந்தப் பேப்பரைப் படிப்பதற்கும் கடிதம் எழுதுவதற்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் பாண்டிய மன்னன் குலசேகரன் காலத்தில் கட்டியது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலை வந்து கல்லில் மோதும்போது பயமாகவும் இருக்கிறது, கும்பிடவும் தோன்றுகிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது இந்தக் கரையில் எத்தனை குடும்பம் போயிற்று! அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மீன் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள், தன் வீட்டில் மூன்று பேரைக் கொடுத்ததாகச் சொன்னார். “அதுக்கப்புறம் ஒரு வருஷம் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்கலம்மா. அப்புறம் பார்த்துத்தானே ஆகணும், சோறு அங்கதானே இருக்கு” என்றார்.

தங்கச்சி அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது அவள் பாதி இலையைச் சாப்பிட்டாள். வீட்டில் நாலு வாய்தான் சாப்பிடுவாள்.

வழி தெரியாத ஊர்

மூன்றரை மணிக்குக் காரைக்கால் போய்ச் சேர்ந்தோம். எல்லை தாண்டியதுமே சாலையோரம் வரிசையாக அந்தக் கடைகள். வேனுக்குள் யாரும் பேசவில்லை. தங்கச்சி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். “இதுதானாக்கா?” என்றாள். “இதுதாம்மா” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஊருக்குள் போனதும் டிரைவர், “சார், அம்மையார் கோயிலுக்கு எந்தப் பக்கம்?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். இவர் இடது பக்கம் பார்க்கிறார், வலது பக்கம் பார்க்கிறார். முழிக்கிறார். “இப்படிப் போய்... இல்ல, அந்தத் தெரு...” என்று இழுத்தார். கடைசியில் பூக்காரம்மாவிடம் கேட்டுத்தான் போனோம்.

என் பையனுக்கு வாய் சும்மா இருக்காது. “அப்பா, நீங்க எத்தனையோ தடவை வந்திருக்கீங்களே, கோயில் தெரியாதா? பீச்சு தெரியுமா?” என்று கேட்டான். “தெரியாதுடா” என்றார். “அப்ப என்னதான் பார்ப்பீங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பதினாறு வருஷமாக நான் போட்ட சண்டையெல்லாம் செய்யாத வேலையை அந்த ஒரு கேள்வி செய்துவிட்டது.

காரைக்கால் அம்மையார் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் போட்டுவிட்டாள் புனிதவதி. புருஷன் வந்து ஒன்றைச் சாப்பிட்டு, இன்னொன்றையும் கொண்டு வா என்றதும், பாவம், அடுக்களையில் போய் நின்று ஈசனை நினைத்து அழுதாள். கையில் பழம் வந்தது. அதன் ருசி வேறாக இருக்கவே அவன் கேட்க, நடந்ததைச் சொன்னாள். அவன் பயந்து போய்க் கப்பலேறி, பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். இவள் தன் அழகையே வேண்டாம் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டு, தலையாலேயே கயிலாயம் ஏறினாள். அந்தச் சிவபெருமானே “அம்மையே” என்று கூப்பிட்டார். அறுபத்து மூவரில் உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் இவர் ஒருவர்தான். ஆனி மாதப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழா. சுவாமி வீதி வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழத்தை வாரி இறைப்பார்களாம்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அங்கே நின்று கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. காலையில் பார்த்த பூம்புகாரில் கண்ணகி. சாயங்காலம் காரைக்காலில் புனிதவதி. புருஷன் விட்டுப் போன இரண்டு பெண்கள் இதே கடற்கரையில்தான் வாழ்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் இன்று ஊரே கும்பிடுகிறது. புருஷன்மார் பெயரைக் கதை சொல்லும்போதுதான் நினைக்கிறோம்.

சந்நிதியில் தங்கச்சி ரொம்ப நேரம் நின்றாள். அழவில்லை. வெளியே வந்து, “அக்கா, எனக்கு இந்த ஊரு மேல கோபமா இருந்துச்சு. ஊரு என்னக்கா பண்ணும்?” என்றாள்.

ஆறு கடலில் சேரும் இடம்

பிறகு கடற்கரைக்குப் போனோம். அகலமான மணல், பக்கத்தில் கலங்கரை விளக்கம். வெள்ளிக்கிழமை மாதிரி கூட்டம். முக்காடு போட்ட பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள். பிரான்ஸில் உறவுக்காரர்கள் இருக்கிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. 1739-லிருந்து 1954 வரை பிரெஞ்சு ஆட்சி அல்லவா! ஆக, காரைக்கால்காரர்கள் பெண்டு பிள்ளைகளோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். நாம்தான் அந்த ஊரை ஒரு கடைத்தெருவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசலாறு கடலில் சேரும் இடத்தைக் காட்டினார்கள். “நம்ம வீட்டுக் கொல்லை ஆறுதாண்டா இது” என்று பிள்ளைகளிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தங்கச்சி மகனைத் தோளில் தூக்கி வைத்து அலையில் நின்றார். இறந்துபோன அந்தத் தம்பியும் இவரும்தான் ஒரே செட்டு. அன்றைக்கு இவரும் போயிருக்க வேண்டியவர். காய்ச்சல் என்று போகவில்லை. அதை இதுவரை என்னிடம் கூடப் பேசியதில்லை. தண்ணீரில் நின்றபடி அந்தக் குழந்தையிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஏழு மணிக்குத் திருநள்ளாறு. சனீஸ்வரனுக்கு எள் தீபம் போட்டுவிட்டுத் திரும்பினோம். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பைகளைத் திறந்தால் பிரசாதம், கிளிஞ்சல், ஈரத்துணி. “இது நல்லெண்ணெய்ப் பாட்டில் தம்பி, மோந்து பாருங்க” என்று அத்தை நீட்டவும் போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். வண்டி நகர்ந்ததும் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: “பயம் இல்லாம இந்த இடத்தைத் தாண்டுறது இதான் முதல் தடவை.”

கணக்கு

வேன் வாடகை, கோட்டை டிக்கெட், அர்ச்சனை, சுண்டல் எல்லாம் சேர்த்து ஏழு பேருக்கு 6,800 ரூபாய் ஆயிற்று. அவர் ஒருவர் ஒரு டூருக்குச் செலவு செய்வது ஐயாயிரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கை நான் சொல்லவில்லை. அவரே சிட்டைப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

அவர் அன்றோடு திருந்திவிட்டார் என்று பொய் எழுத மாட்டேன். ஆடி மாதம் கூட்டாளிகள் கூப்பிட்டபோது போகவில்லை. ஊரில் ஒரு கல்யாணத்தில் குடித்துவிட்டு வந்தார். சண்டை போட்டேன். ஆனால் ராத்திரி வண்டி ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போகிற பேச்சு நின்றிருக்கிறது. தங்கச்சி இப்போது தையல் வகுப்புக்குப் போகிறாள். அடுத்து எங்கே போகலாம் என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.

அடுத்த மாசிக்குத் திட்டம் தயார். நாகூர் தர்கா. அங்கே இருக்கும் பெரிய மினாராவைக் கட்டியவர் நம் தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிங். பிறகு வேளாங்கண்ணி. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய வேதாரண்யம். கடைசியில் கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் பார்க்க வேண்டும். பறவை பார்க்க வேண்டுமானால் மார்கழி, தை நல்லது என்கிறார்கள். அதனால் அறுவடைக்கு முன்னாலேயே போகலாமா என்று யோசனை.

போக நினைக்கும் தோழிகளுக்குச் சில குறிப்புகள். தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, விசாரித்துக்கொண்டு போங்கள். மத்தியானம் கோயில்கள் நடை சாத்தியிருக்கும், அந்த நேரத்தைக் கோட்டைக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையில் அலை முரட்டு அலை, பிள்ளைகளைக் கையைப் பிடிக்காமல் விடாதீர்கள். தொப்பி, தண்ணீர், மாற்றுத்துணி அவசியம்.

இன்னொன்று. உங்கள் வீட்டிலும் இப்படி டூர் போகிறவர் இருந்தால் சண்டை போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். “நாங்களும் வர்றோம்” என்று ஒரு தடவை வண்டியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம் அருகில்.